ரப்பிங் போடுவதற்கு முன் ஒரு தடவை தடவிப் பாருங்கள்: வீட்டிலேயே கிளே பார்

காரைக் கழுவித் துடைத்துக் காய வைத்த பிறகு, ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை விரல்களில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கையில் தெரியாத சொரசொரப்பு கவர் வழியாகத் தெரியும். வழுவழுவென்று விரல் ஓடினால் உங்கள் வண்டிக்கு இந்தப் பதிவு இப்போதைக்குத் தேவையில்லை. பொடிப்பொடியாகத் தட்டுப்பட்டால், இப்போதுதான் கழுவினோமே, அப்புறம் எப்படி என்று தோன்றும். ஷாம்பு மேலே படிந்திருக்கும் தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும்தான் எடுக்கும். பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டோ கொஞ்சம் உள்ளே குத்திக்கொண்டோ நிற்கிற துகளை எடுக்காது. அதை எடுப்பதற்கென்றே இருப்பது கிளே பார்.

நம் ஊரில் இந்தச் சொரசொரப்புக்குச் சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரப்பிங் பாலிஷ் போட்டுரலாம் சார்." வண்டி மங்கினாலும் அதே, கீறல் விழுந்தாலும் அதே, தடவினால் சொரசொரத்தாலும் அதே. மெஷினில் கம்பளி பேடை மாட்டி, காம்பவுண்ட் என்ற தேய்க்கும் பசையைப் பூசித் தேய்த்துக் கொடுப்பார்கள், வண்டி அன்றைக்குப் பளபளக்கவும் செய்யும். ஆனால் அந்தக் காம்பவுண்ட் தேய்ப்பது அழுக்கை மட்டும் இல்லை. நிறத்துக்கு மேலே காப்பாக இருக்கும் கிளியர் கோட்டையும் சேர்த்துத்தான் தேய்க்கிறது. கம்பெனியில் அடித்து வரும் கிளியர் கோட் சுமார் 40 முதல் 50 மைக்ரான் தடிமன் இருக்கும், அதாவது ஒரு தலைமுடியைவிட மெலிசு. ஒவ்வொரு தடவை அழுத்தித் தேய்க்கும்போதும் அதில் சில மைக்ரான் போகும், போனது திரும்பி வராது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான் என்பதால், வருடா வருடம் ரப்பிங் போட்ட வண்டிகள் சில வருடங்களில் ரூஃபிலும் பானெட்டிலும் வெளுத்து, அப்பளம் உரிகிற மாதிரி உரிவதைப் பார்த்திருப்பீர்கள். பெயின்ட்டின் மேல் ஒட்டியிருப்பதை எடுக்கப் பெயின்ட்டையே தேய்க்க வேண்டியதில்லை என்பதுதான் நான் இங்கே சொல்ல வருவது. மேலே இருப்பதை முதலில் எடுத்துவிட்டு, அதற்கப்புறமும் கண்ணுக்குக் கீறல் தெரிந்தால் பாலிஷ் பற்றி யோசிக்கலாம்.

நான் இருப்பது கோயம்புத்தூரில், கணபதிப் பக்கம். பவுண்டரி, லேத், பம்புசெட் உதிரி பாகம் செய்யும் பட்டறை என்று தெருவுக்குத் தெரு இரும்பு வேலை நடக்கிற ஊர் இது. எங்கள் தெருமுனையில் ஒரு கிரில் பட்டறை உண்டு. அங்கே கட்டிங் மெஷினும் ஆங்கிள் கிரைண்டரும் ஓடும்போது பறக்கிற பொறி ஒவ்வொன்றும் சூடான இரும்புத்துகள். அது பக்கத்தில் நிற்கும் காரின் மேல் விழுந்தால் சூட்டோடு கிளியர் கோட்டில் பதிந்து உட்கார்ந்துவிடும். முதலில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு மழை பெய்த பிறகு அந்த இரும்பு துருப்பிடித்து, வெள்ளை வண்டியில் ஆரஞ்சு நிறத்தில் ஊசிமுனை அளவுப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும்.

எதிர்வீட்டு அண்ணா ஒரு நாள் கூப்பிட்டுக் காட்டினார். "ஏனுங் தம்பி, வண்டி எடுத்து ரெண்டு வருசம்கூட ஆகலீங்க, அதுக்குள்ள துருப் புடிச்சிருச்சே, தகடே சரியில்லையாட்ட இருக்குது" என்று ரொம்பவே வருத்தப்பட்டார். பின்பக்க டோரிலும் டிக்கியிலும் ஆரஞ்சுப் புள்ளிகள் இறைந்து கிடந்தன. வண்டியின் தகடு துருப்பிடித்தால் இப்படிப் பரவலாகப் புள்ளி புள்ளியாக வராது. கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்த இடத்திலோ, கதவின் அடி விளிம்பிலோ, தண்ணீர் தேங்கும் மடிப்பிலோ தொடங்கிப் பெயின்ட்டைப் புடைக்க வைத்துக்கொண்டு வரும். பட்டறையைப் பார்த்து நிற்கும் பக்கத்தில் மட்டும் சமமாகப் புள்ளி வந்திருக்கிறது என்றால் அது வெளியிலிருந்து வந்த இரும்பு. இதை அவரிடம் சொன்னபோது பாதிதான் நம்பினார். அன்று சாயங்காலமே ஒரு டோரை மட்டும் சுத்தம் செய்து காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. அந்த வண்டிக்கு ரீபெயின்ட் செய்ய ஒரு இடத்தில் விலைகூடக் கேட்டு வைத்திருந்தார்.

இரும்புப் பட்டறை இல்லாத தெருவிலும் இது உண்டு. பெரும்பாலான கார்களின் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பில் செய்ததுதான், ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அது தேய்ந்து தூளாகப் பறக்கிறது, சிக்னலில் நின்று நின்று போகிற வண்டிகளில் அதிகமாகவே படியும். தண்டவாளம் பக்கத்தில் தினமும் நிறுத்துகிறவர்களுக்குச் சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் தூள். தீபாவளிக்கு வாசலில் கொளுத்தும் கம்பி மத்தாப்பிலும் புஸ்வாணத்திலும் பொறி பறப்பதற்கென்று இரும்புத்தூள் கலந்திருப்பார்கள், அதனால் அன்றைக்கு மட்டுமாவது வண்டியைத் தள்ளி நிறுத்துங்கள், அல்லது போர்த்தி வையுங்கள். இரும்பு அல்லாமல் வேறும் உண்டு. புதிதாகப் போட்ட ரோட்டில் ஓடினால் அடிப்பக்கம் முழுக்கத் தார்ப்புள்ளி. பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் காற்றில் வந்து படியும் பெயின்ட் தூறல். மாமரம் பூக்கும் பருவத்தில் கீழே நிறுத்தினால் தத்துப்பூச்சி கழிக்கிற பிசுபிசுப்பான இனிப்புத் திரவம், அதன் மேல் ஒட்டும் தூசி, நாளாக நாளாக அது காய்ந்து இறுகிவிடும். நிழல் என்று நிறுத்துவோம், நிழலோடு இதுவும் சேர்ந்தே வரும்.

கிளே பார் என்பது குளத்திலிருந்து எடுத்த மண் இல்லை. செயற்கைப் பிசினும் அதற்குள் மிக நுண்ணிய தேய்க்கும் துகளும் கலந்து பிசைந்த கட்டி. ஜப்பானைச் சேர்ந்த தடாவோ கோடாட்டே என்பவர் 1990களில் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், பெயின்ட் தூறலையும் இரும்புத்துகளையும் எடுக்கப் பட்டறைகளில் பயன்பட்டது, அங்கிருந்து மெக்குயர்ஸ், மதர்ஸ் போன்ற கம்பெனிகளின் டப்பாவில் ஏறி வீடுகளுக்கு வந்துவிட்டது. வேலை செய்யும் விதம் எளிமையானது. வழுக்கும் திரவத்தைத் தெளித்து அதன் மேல் கட்டியை நகர்த்தும்போது, கட்டி பெயின்ட்டின் மட்டத்தோடு ஒட்டி ஓடும். மட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துகள் அதில் மாட்டிப் பிடுங்கிக்கொண்டு வரும் அல்லது தலை சீவப்படும். கட்டிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே திரவம் ஒரு படலமாக நிற்பதால் சமமாக இருக்கும் இடம் ஏறக்குறைய தொடப்படாமல் தப்பிக்கிறது. அந்தப் படலம் இருக்கும்வரைதான் இந்தக் கதை உண்மை. திரவம் காய்ந்துவிட்டால் நீங்கள் வெறும் தேய்ப்பானை வைத்து வண்டியைத் தேய்க்கிறீர்கள்.

மென்மையானது, நடுத்தரம், கடினம் என்று மூன்று வகையாகக் கிடைக்கும். நிறத்தை வைத்து வாங்காதீர்கள், ஒரு கம்பெனியின் நீலம் மென்மையாக இருக்கும், இன்னொரு கம்பெனியின் நீலம் நடுத்தரமாக இருக்கும், லேபிளைப் படித்துத்தான் வாங்க வேண்டும். வீட்டில் செய்பவர்களுக்கு மென்மையான வகையே போதும். அதில் போகாதது இருந்தால் இன்னொரு சுற்று ஓட்டுங்கள், உடனே கடினமானதற்குப் போக வேண்டாம். கடினமான வகை, பின்னாலேயே மெஷின் பாலிஷ் போடப்போகிறவர்களுக்கு உரியது.

இனி வரிசை. முதலில் நல்ல வாஷ். நிழலில், பெயின்ட் தொட்டால் சூடில்லாமல் இருக்கும்போது. நம் வெயிலுக்கு விடியற்காலை அல்லது சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சித்திரை வைகாசியில் பத்து மணிக்கே பானெட்டில் கை வைக்க முடியாது. தண்ணீரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே காய விட்டால் வெள்ளை வெள்ளையாகக் கறை நிற்கும், அதில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் அது. எங்களுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிற நாளில் கடைசி அலசலுக்கு மட்டும் அதில் ஒரு பக்கெட் எடுத்து வைத்துக்கொள்வேன், முழு வண்டியையும் குடிக்கிற தண்ணீரில் கழுவுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் பிடித்து வைத்ததும் ஆகும். எதுவானாலும் காய விடாமல் துடைத்துவிட வேண்டும்.

வாஷ் முடிந்ததும் நேராகக் கிளே எடுத்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மருந்தில் கரைவதை மருந்திலேயே கரைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும்தான் கிளே. தார்ப்புள்ளிக்கு டார் ரிமூவரைத் துணியில் நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் ஒற்றி வைத்தால் பழுப்பாக இளகி வரும், துடைத்துவிட்டு ஷாம்பு போட்டுக் கழுவிவிடலாம். சிலர் பெட்ரோல் போடுவார்கள், தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், லைட்டு, பம்பர் ஓரப் பிளாஸ்டிக் மங்கிப்போவது இன்னொரு பக்கம், வேண்டாம்.

இரும்புக்கு அயர்ன் ரிமூவர். இந்த ஒரு பொருளை முதல்முறை அடிக்கும்போது பார்க்கக் குழந்தைகளையும் கூப்பிடலாம், அவ்வளவு சுவாரஸ்யமாக இருக்கும், ஆனால் வாடை அடிக்காத தூரத்தில் நிறுத்துங்கள். தெளித்த கொஞ்ச நேரத்தில், சுத்தமாக இருக்கிறது என்று நாம் நினைத்த வெள்ளை டோரில் ஊதாக் கோடுகள் வழியத் தொடங்கும். அதில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருள் இரும்போடு சேர்ந்து தண்ணீரில் கரையும் ஊதா நிறக் கூட்டாக மாறுகிறது. பார்லரில் முடியைச் சுருட்டுவதற்குப் போடும் மருந்திலும் இதே வகைப் பொருள் உண்டு, அந்த அழுகிய முட்டை வாடைக்குக் காரணமும் இதுதான். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை, பாட்டிலில் சொன்ன அளவுக்குத்தான் விட வேண்டும். காய விடவே கூடாது. அப்புறம் நிறையத் தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். எதிர்வீட்டு அண்ணாவின் டோரில் இருந்த புள்ளிகளில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்திலேயே போய்விட்டன, கிளேவுக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். இதைச் செய்யாமல் கிளே ஓட்டினால் என்ன ஆகும் என்றால், பிடுங்கிய இரும்புத்துகள் கட்டியின் முகத்திலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த இழுப்பில் கீறலாம். இன்னொன்று, கிளே துகளின் தலையை மட்டும் சீவிவிட்டு வேரை உள்ளேயே விட்டுவிடலாம். தடவினால் வழுவழு என்றிருக்கும், அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தில் மறுபடி ஆரஞ்சு தெரியும்.

வழுக்கும் திரவத்துக்குத் தனியாகப் பாட்டில் வாங்கலாம், கிளேயுடன் சேர்த்தே சில கம்பெனிகள் தருகின்றன. வாங்காவிட்டாலும் குற்றமில்லை. நல்ல கார் ஷாம்புவை ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒன்றிரண்டு மூடி என்று கலந்து ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் நன்றாகவே வழுக்கும். பாத்திரம் கழுவும் லிக்விட் போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வழுக்கும், உண்மைதான், ஆனால் அது சில கிளே கட்டிகளை நொறுங்க வைக்கும், பெயின்ட்டில் கோடு கோடாகக் கிளே ஒட்டினால் அதைத் துடைத்தெடுப்பது தனி வேலை. கார் ஷாம்பு ஒரு மூடிக்கு ஆகிற செலவு ஒரு டீ விலைகூட இருக்காது, அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எந்தத் திரவமானாலும் தாராளமாகத் தெளியுங்கள். பெயின்ட்டிலும் தெளிக்க வேண்டும், கட்டியிலும் தெளிக்க வேண்டும்.

இப்போது கட்டி. முழுக் கட்டியையும் எடுக்காமல் 40, 50 கிராம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள், மிச்சத்தை டப்பாவில் வைத்து மூடிவிடுங்கள். கையில் சூடேறும்வரை பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்குத் தட்டையாகத் தட்டிக்கொள்ள வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் கட்டி விறைத்துக் கிடக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். அப்புறம் இரண்டடிக்கு இரண்டடி என்று சின்னச் சதுரமாக மனதில் பிரித்துக்கொண்டு, ஒரு சதுரத்தில் திரவம் தெளித்து, கட்டியை விரல்களுக்கு அடியில் வைத்து, நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாகச் சுற்ற வேண்டாம். அழுத்தவும் வேண்டாம், கையின் சொந்த எடையே போதும், இதில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கை அடங்காது, சொரசொரப்பு தட்டுப்பட்ட இடத்தில் தானாக அழுத்தம் கூடிவிடும். முதல் சில இழுப்பில் கர் கர் என்று ஒரு பிடிப்பும் சத்தமும் இருக்கும். ஓட்ட ஓட்டச் சத்தம் அடங்கி, கட்டி சட்டென்று வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கும். அந்த மாற்றத்தை விரலே சொல்லிவிடும், அதுதான் அந்தச் சதுரம் முடிந்ததற்கு அடையாளம். சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, மறுபடி கவர் போட்டுத் தடவிப் பார்த்து, அடுத்த சதுரத்துக்குப் போங்கள்.

ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் கட்டியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைக் கட்டியாக இருந்தால் பழுப்பாகக் கறுத்திருப்பது தெளிவாகத் தெரியும். உடனே மடித்துப் பிசைந்து சுத்தமான முகம் மேலே வருமாறு செய்துகொள்ள வேண்டும். மடிக்க மடிக்க எந்தப் பக்கமும் சுத்தமாக வராத நிலை வந்தால் அந்தத் துண்டின் காலம் முடிந்தது. மேலிருந்து கீழே வாருங்கள்: ரூஃப், பானெட், டிக்கி, டோரின் மேல்பாதி, கடைசியில்தான் சக்கரத்தைச் சுற்றியுள்ள பகுதியும் டோரின் அடிப்பகுதியும், ஏனென்றால் அழுக்கு மொத்தமும் அங்கேதான். பழைய சாலிட் கலர் வண்டி என்றால் கட்டியில் வண்டியின் நிறமே கொஞ்சம் ஏறலாம். கிளியர் கோட் இல்லாத பெயின்ட்டில் மேலே வெளுத்துப்போன படலம் வருவதுதான் அது, பயப்பட வேண்டாம்.

கட்டி கை நழுவித் தரையில் விழுந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தண்ணீரில் கழுவினால் போகாது, துண்டு சின்னதுதானே என்று மேலாகக் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வதும் கூடாது, ஒரே ஒரு மணல் உள்ளே ஒளிந்திருந்தால் போதும், பானெட்டின் நீளத்துக்குக் கோடு விழுந்துவிடும். முழுக் கட்டியை எடுக்காதீர்கள் என்று சொன்னதும் இதற்காகத்தான். இந்தப் பயமே வேண்டாம் என்பவர்களுக்குக் கிளே மிட், கிளே டவல் என்று ரப்பர் மாதிரிப் பூச்சு பூசியவை கிடைக்கின்றன. விழுந்தால் நன்றாக அலசிவிட்டுத் தொடரலாம், வேலையும் வேகமாக முடியும், பல தடவைக்கு வரும். ஆனால் விரலுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே தடிமனாக ஒரு கையுறை வந்துவிடுவதால் அந்தப் பிடிப்பும் விடுவிப்பும் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. பெரிய எஸ்யூவி என்றால் மிட் எடுங்கள். ஹேட்ச்பேக்குக்கு நான் கட்டியைத்தான் சொல்வேன்.

கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. எவ்வளவு பக்குவமாக ஓட்டினாலும் கிளே மெல்லிய மங்கலை விட்டுப் போகலாம். வெள்ளையிலும் சில்வரிலும் அது கண்ணில் படாது, கறுப்பிலும் கருநீலத்திலும் வெயிலில் தெரியும். மச்சானின் கறுப்பு வண்டிக்குச் செய்யும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டேன், "மாப்ள, கிளேவோட நிக்காது, அதுக்கப்புறம் லைட்டா ஒரு ஃபினிஷிங் பாலிஷ் போட்டாத்தான் முடியும், ஒரு ஞாயித்துக்கிழமை முழுசாப் போயிரும், பரவாயில்லையா" என்று. ரப்பிங்கை இவ்வளவு எதிர்த்துவிட்டு இப்போது பாலிஷ் என்கிறேனே என்று கேட்கலாம். ஃபினிஷிங் பாலிஷ் என்பது மென்மையான ஃபோம் பேடில் போடும் மிக நுண்ணிய பாலிஷ், கம்பளி பேடும் காம்பவுண்டும் எடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் இது எடுப்பது மிகக் குறைவு. அதோடு, துகளெல்லாம் போன சுத்தமான பெயின்ட்டில் போடுவதால் பேடில் இரும்பு மாட்டிச் சுற்றிச் சுற்றிக் கீறும் வேலையும் நடக்காது. கிளே செய்யாமல் நேராக மெஷின் வைப்பதில் எனக்கு இருக்கும் பெரிய கோபமே அதுதான். இரண்டு பேரும் வேலையை முடித்தபோது இருட்டிவிட்டது, மறுநாள் காலை வெயிலில் அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்ததை அக்கா வீடியோ எடுத்து அனுப்பியிருந்தாள்.

கிளேவால் ஆகாதவையும் இருக்கின்றன. பறவை எச்சம் கிடந்து பெயின்ட்டை அரித்த தடம் போகாது, அது மேடு இல்லை, பள்ளம். கீறலும் அப்படித்தான். தண்ணீர்க் கறை புதிதாக இருந்தால் வெள்ளை வினிகரைப் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துணியில் ஒற்றித் துடைத்து உடனே அலசினால் போகும், அதைக் கிளேவால் தேய்த்துக் கட்டியை வீணாக்க வேண்டாம். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் தெறித்த சிமெண்ட் கட்டியாகிவிட்டால் கிளே எடுக்கும் என்று நம்பி அழுத்தித் தேய்க்காதீர்கள், உடையும் மணல் பெயின்ட்டைக் கீறும், அதைக் கரைப்பதற்கென்று தனி மருந்து உண்டு, தெரிந்தவர்களிடம் கொடுப்பது நல்லது.

செய்யவே கூடாத இடங்கள்: பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் பெயின்ட், அதில் தேய்த்த இடம் பளபளத்து நிரந்தரமாகத் திட்டாகிவிடும். டிங்கரிங் முடிந்து புதிதாகப் பெயின்ட் அடித்த பகுதி, அது முழுக்க இறுக ஒரு மாதமாவது விடுங்கள். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக், அங்கே கட்டி அப்பிக்கொள்ளும். செராமிக் கோட்டிங் போட்ட வண்டியில் அயர்ன் ரிமூவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கிளே கோட்டிங்கையும் சேர்த்துத் தேய்க்கும், மிகத் தேவைப்பட்டால் மட்டும் மென்மையான வகையில் ஒரு சின்ன இடத்தில், அதுவும் கோட்டிங் போட்டவரிடம் கேட்டுவிட்டு.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு தடவை ஷாம்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, அன்றைக்கே வாக்ஸோ (மெழுகுப் பூச்சு) சீலண்ட்டோ (செயற்கைக் காப்புப் பூச்சு) போட்டாக வேண்டும். பழைய வாக்ஸ் இருந்தால் கிளேயோடு போயிருக்கும், பெயின்ட் இப்போது வெறுமையாக நிற்கிறது, இப்படியே விட்டால் அடுத்து விழும் துகள் முன்பைவிடச் சுலபமாக ஒட்டும். கார்னோபா என்ற பனையின் மெழுகில் செய்த வாக்ஸ் பார்க்க அழகு, ஆனால் நம் வெயிலில் சில வாரங்கள்தான் நிற்கும். தெருவில் நிறுத்துபவர்களுக்குச் சீலண்ட்தான் என் தேர்வு, சில மாதங்கள் தாங்கும். சுத்தமான பெயின்ட்டில் சீலண்ட் எவ்வளவு குறைவாகச் செலவாகிறது, துணி எவ்வளவு லேசாக ஓடுகிறது என்பதைப் போடும்போதே உணர்வீர்கள்.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கேட்டால் நான் மாதக்கணக்கு சொல்ல மாட்டேன், கவர் போட்டுத் தடவிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பெரும்பாலான வண்டிகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும், பட்டறை, தண்டவாளம் பக்கம் என்றால் இரண்டு. வீட்டு ஷெட்டுக்குள் நின்று ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் போய்வரும் வண்டிக்கு இரண்டு வருடம்கூடத் தேவைப்படாது, அதற்குக் காலண்டர் பார்த்துக் கிளே போட்டுப் பெயின்ட்டைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. மிச்சக் கட்டியைக் காய விடாமல், கொஞ்சம் திரவம் தெளித்து ஜிப்லாக் கவரில் போட்டு, வெயில் படாத இடத்தில் வையுங்கள், டேஷ்போர்டுக்குள் வைத்தால் உருகி ஒட்டிவிடும். பெயின்ட்டுக்கு இனி உதவாத பழைய துண்டு இருந்தால் அதை எறியாமல் முன்கண்ணாடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே திரவம், அதே மாதிரி நேர்கோடு. கண்ணாடியில் படிந்த பிசுக்கும் துகளும் போய்விட்டால் வைப்பர் தடதடவென்று குதிப்பது நிறையக் குறையும், வைப்பர் ரப்பரை மாற்றியும் சத்தம் நிற்கவில்லை என்கிறவர்கள் ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதைச் செய்து பாருங்கள்.